பாலையும் கடலும்: ஓமான் சுற்றா, அபுதாபியா?

ஐந்து இரவு. மணலில் இரண்டு, கடலருகே மூன்று. பட்ஜெட்டில் கஞ்சத்தனம் வேண்டாம். இந்தக் கணக்கோடு வளைகுடாவை அலசினால் கடைசியில் இரண்டு திட்டங்கள் மிஞ்சும். ஒன்று அபுதாபி: லிவா பக்கம் ரப் அல் காலி பாலைவனத்தின் மணல், பிறகு சாதியாத் தீவுக் கடற்கரை. இன்னொன்று ஓமான்: மஸ்கட்டிலிருந்து வஹிபா மணல்வெளி, அங்கிருந்து சூர், ஆமைகள் கரையேறும் ராஸ் அல் ஜின்ஸ், பிறகு கடலோரமாகவே மஸ்கட். நான் பணம் கட்டியது ஓமானுக்கு. ஆகவே தராசு கொஞ்சம் அந்தப் பக்கம் சாயும்.

பொதுவானவற்றைச் சட்டென முடித்துவிடலாம். சென்னையிலிருந்து இரண்டுக்கும் விமானம் நாலு, நாலரை மணி நேரம். சீசன் நவம்பர் முதல் மார்ச் நடுப்பகுதி வரை. கோடையில் அறை விலை சரியும்தான், ஆனால் 45 டிகிரியில் மணல்மேட்டைக் கண்ணாடிக்குள்ளிருந்துதான் பார்க்க முடியும். 2027இல் ரமலான் நோன்பு மாதம் பிப்ரவரி இரண்டாம் வாரத்தை ஒட்டித் தொடங்குகிறது. அந்த நாட்களில் ஓமானின் சாலையோர உணவகங்கள் பகலில் பெரும்பாலும் மூடியிருக்கும். அபுதாபியில் அந்தச் சிரமம் குறைவு.

அபுதாபியின் பலம் வசதி. லிவா மணலுக்குள் இருக்கும் கஸ்ர் அல் சராப் விடுதி விமான நிலையத்திலிருந்து சுமார் 200 கி.மீ., இரண்டு மணி நேரம். வாசல்வரை தார்ச்சாலை, சாதாரண செடான் காரே போதும். மணல்மேடுகளின் உயரத்திலும் செந்நிறத்திலும் வஹிபா இதற்கு ஈடாகாது. அறையின் தரத்திலும் வஹிபாவின் நிரந்தர முகாம்கள் ஒரு படி கீழேதான். கவனிக்க வேண்டியவை இரண்டு. சுற்றுவட்டாரத்தில் வேறு உணவகம் இல்லாததால் காலை, இரவு உணவு சேர்ந்த கட்டணமாகவே பதிவு செய்யுங்கள்; தனித்தனியாகச் சாப்பிட்டால் பில் எகிறும். அடுத்தது வேகக் கேமரா: துபாயில் வரம்புக்கு மேல் கிடைக்கும் 20 கி.மீ. சலுகை 2018 முதல் அபுதாபியில் கிடையாது. பலகையில் 140 என்றால் 140தான்.

குறை என்னவென்றால், போன சாலையிலேயே திரும்ப வேண்டும். ஓமானில் அது சுற்றுவழி: மஸ்கட்டிலிருந்து வஹிபா மணலின் ஓரத்து ஊரான பிதியா 220 கி.மீ. போல, அங்கிருந்து சூர் வழியாக ராஸ் அல் ஜின்ஸ், பிறகு வாதி ஷாப் பள்ளத்தாக்கு, நீர் நிறைந்த பிம்மா பள்ளம் இரண்டையும் தொட்டபடி கடலோர நெடுஞ்சாலை. மொத்தம் 600 கி.மீ. சுமார். வாடகைக் காரில் நாளைக்கு இத்தனை கிலோமீட்டர்தான் என்ற வரம்பு இருந்தால் முன்கூட்டியே பேசிவிடுங்கள். கடலும் ஓமானுக்குச் சாதகம். அபுதாபிக் கடல் ஆழமில்லாதது, ஜனவரி, பிப்ரவரியில் 20, 21 டிகிரிக்கு இறங்கிவிடும். கடற்கரை விடுதிக்குப் பணம் கட்டிவிட்டு வெந்நீர் நீச்சல் குளத்தில் கிடப்பார்கள். மஸ்கட் பக்கம் ஆழக்கடல், இரண்டு மூன்று டிகிரி கூடுதலாக இருக்கும். கேட்கச் சின்ன வித்தியாசம், இறங்கினால் தெரியும்.

இனி முடிவைத் தீர்மானிக்கிற விஷயம்: தார்ச்சாலை முடியும் இடத்துக்கும் கூடாரத்துக்கும் நடுவே உள்ள மணல். அபுதாபியில் அது இல்லவே இல்லை. வஹிபாவில் அருகிலுள்ள முகாமுக்கே 10 கி.மீ. அளவு, தள்ளியிருப்பவற்றுக்கு 30, 40 கி.மீ. ஓமான் பயணம் கசந்துபோனது என்று சொல்பவர்களில் பலருக்கு வினை இங்கேதான் ஆரம்பித்திருக்கும்.

வாடகைக்கு 4x4 எடுத்துவிட்டால் போதும் என்று நினைப்பதுதான் முதல் தப்பு. சாலையில் 34 பிஎஸ்ஐ காற்றோடு ஓடும் டயர் மணலைக் கத்தி மாதிரி அறுத்துக்கொண்டு புதையும். 15 முதல் 18 வரை இறக்கினால் டயர் நீளவாக்கில் படிந்து, எடை பரவி, வண்டி மணல்மேல் மிதந்து போகும். 12க்கும் கீழே போனால் திருப்பத்தில் டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடலாம். பிரேக்கை அழுத்தி நிறுத்தினால் சக்கரத்துக்கு முன்னே மணல் குவியும். காலை எடுத்துவிட்டு வண்டியைத் தானாக நிற்க விடுங்கள், அதுவும் மூக்கு இறக்கத்தைப் பார்த்தபடி. சிக்கிக்கொண்டால் ஆக்ஸிலேட்டரை மிதிக்கவே கூடாது, மிதிக்க மிதிக்க ஆக்ஸில் வரை இறங்கும். மணலைக் கையால் அள்ளிவிட்டு, வந்த தடத்திலேயே ரிவர்ஸ் எடுக்க வேண்டும். முகாமில் அறை கிடைக்கும் நேரமோ மதியம் இரண்டு, மூன்று மணி. வெயிலில் காய்ந்து மணல் தளர்ந்து கிடக்கும் நேரமும் அதுவே. விடியலில் பனி ஈரத்தில் அதே தடம் கொஞ்சம் இறுகியிருக்கும்.

திரும்பும்போது பிதியாவில் காற்றடிக்காமல் நெடுஞ்சாலையில் 120இல் போனால் டயரின் பக்கச்சுவர் சூடேறி வெடிக்கலாம். எல்லாவற்றுக்கும் மேலே காப்பீடு. சாலைக்கு வெளியே நடக்கும் சேதத்தை வாடகை ஒப்பந்தங்கள் பொதுவாக ஏற்பதில்லை. ‘முழுக் காப்பீடு’ என்ற வார்த்தையை நம்பாமல், மணலில் ஓட்டலாம் என்று எழுத்தில் வாங்குங்கள்.

இவ்வளவையும் ஒரே அடியில் தவிர்க்க வழி உண்டு. சாலைக்குச் செடான் போதும். அதை அல் வாசில் அல்லது பிதியாவில் முகாம் சொல்லும் இடத்தில் நிறுத்திவிட்டு, அவர்கள் வண்டியிலேயே மணலுக்குள் போய்விடலாம். போக வர எவ்வளவு, தலைக்கா வண்டிக்கா, சூரிய அஸ்தமனச் சவாரி அதில் சேர்த்தியா என்று அறை பதிவு செய்யும்போதே கேளுங்கள். ஐந்து நாளுக்கு 4x4 எடுக்கும் கூடுதல் வாடகையோடு ஒப்பிட்டால் பெரும்பாலும் இதுவே மலிவு. மணல் ஓட்டத் தெரிந்த உள்ளூர்க்காரர் கையில் ஸ்டியரிங் இருப்பது தனி நிம்மதி. இந்த ஏற்பாடு இருந்தால் அபுதாபியின் பெரிய சாதகம் கரைந்துபோகிறது.

பருவத்துக்கு மட்டும் கட்டிப் பிரிக்கும் தனிக் கூடார முகாம்களும் ஓமானில் உண்டு. விலைப்பட்டியலை மட்டும் பார்த்துவிட்டு அவற்றுக்குச் சான்றிதழ் தர மனம் வரவில்லை.

ஆமை விஷயத்தில் ஏமாற வேண்டாம். ராஸ் அல் ஜின்ஸில் பச்சை ஆமைகள் ஆண்டு முழுக்கக் கரையேறினாலும் கூட்டம் கூடுவது கோடையில். பாலைக்கு ஏற்ற டிசம்பரில் ஒன்றோ இரண்டோ தென்பட்டாலே அதிர்ஷ்டம். இரண்டும் வேண்டுமென்றால் அக்டோபர், கொஞ்சம் வெயிலைப் பொறுத்துக்கொண்டு. இரவு நடையோடு விடியல் நடையையும் சேர்த்துப் பதிவு செய்தால் வாய்ப்பு கூடும், வெளிச்சத்தில் படமும் எடுக்கலாம்.

நாள் தேர்வும் பணம்தான். ஓமானில் வார விடுமுறை வெள்ளி, சனி. முகாம்கள் வியாழன், வெள்ளி இரவுகளில் நிரம்பும், விலையும் ஏறும். அபுதாபியில் 2022 முதல் சனி, ஞாயிறு. ஓமானுக்கு ஞாயிறு காலை இறங்குங்கள்: ஞாயிறு, திங்கள் மணல், செவ்வாய் ராஸ் அல் ஜின்ஸ், புதன், வியாழன் மஸ்கட்டில் அல் புஸ்தான் அல்லது பர் அல் ஜிஸ்ஸா பக்கம் கடற்கரை விடுதி. சுல்தான் காபூஸ் பெரிய மசூதியில் வெளியாருக்கு அனுமதி காலை 8 முதல் 11 வரை, வெள்ளி கிடையாது. வியாழன் காலையை அதற்கு வைத்துக்கொள்ளலாம்.

மொத்தமே மூன்று இரவுதான், அல்லது முட்டி வலியுள்ள பெரியவர்களும் கைக்குழந்தையும் கூட வருகிறார்கள் என்றால் இந்தச் சுற்றை மறந்துவிட்டு அபுதாபிக்கே போங்கள். ஒரு இரவு கஸ்ர் அல் சராப், இரண்டு இரவு சாதியாத், நடுவில் லூவர் அபுதாபி அருங்காட்சியகத்துக்கு ஒரு பாதி நாள்.