சிசர் லிஃப்டா, பூம் லிஃப்டா? பேட்டரி சொன்ன தீர்ப்பு

ஒரகடத்தில் உள்ள எங்கள் கிடங்கின் பராமரிப்புக்காக, உயரத்தில் நின்று வேலை செய்ய உதவும் இயந்திரம் ஒன்றை வாங்க முடிவானபோது, கத்தரிபோல் விரியும் கால்களால் மேடையை உயர்த்தும் மின்சார சிசர் லிஃப்ட், மடங்கும் கையுடைய மின்சார பூம் லிஃப்ட், மினி கிரேன் ஆகிய மூன்றின் விலைப்பட்டியல்களும் என் மேசைக்கு வந்தன. நான் தேர்ந்தெடுத்தது சிசர் லிஃப்டை. ஆகவே இந்த அலசல் அதன் பக்கம் சாய்ந்தே இருக்கும்.

கிரேனை முதலிலேயே விலக்கிவிட்டேன். அது பொருளைத் தூக்குவதற்கானது, ஆளை ஏற்றுவதற்கானதன்று. ஊதுவிசிறி ஒன்றை மேலேற்ற ஒரே ஒரு முறை அதை வாடகைக்கு எடுத்திருக்கிறோம் என்பதால், அதன் நீண்டகாலச் செலவைப் பற்றி நான் பேசுவது முறையாகாது.

19 அடி வகை சிசர் லிஃப்டின் மேடை ஏறத்தாழ 5.8 மீட்டர் உயரும். அதில் நிற்பவரின் கை 7.8 மீட்டர் வரை எட்டும். 76 செ.மீ. அகலமே உள்ளதால் ரேக்குகளுக்கு இடையே எளிதில் நுழைகிறது. ஆனால் நேர்மேலாக மட்டுமே உயரும். தரை சற்றே சரிந்திருந்தாலும் அலாரம் அடித்து நின்றுவிடும். கன்வேயருக்கு அப்பால் எட்ட வேண்டுமென்றால் பூம் லிஃப்டுக்கு ஈடில்லை.

இருந்தும் என் முடிவைத் தீர்மானித்தது பேட்டரிதான். எங்களுக்கு வந்த சிசர் லிஃப்டில் நான்கு 6 வோல்ட் லெட்-ஆசிட் பேட்டரிகள். 45 அடி பூம் லிஃப்டில் எட்டு. ஒவ்வொரு பேட்டரியிலும் மூன்று செல்கள் (தனித்தனி அறைகள்) என்பதால், டிஸ்டில்டு வாட்டர் ஊற்ற வேண்டிய துளைகள் ஒன்றில் 12, மற்றதில் 24. செல்லுக்குள் உள்ள ஈயத் தகடுகள் நீர்மட்டத்துக்கு வெளியே தெரிந்தால் மட்டும், அவை மூழ்கும் அளவுக்குச் சார்ஜ் செய்வதற்கு முன் ஊற்றலாம்; மற்றபடி முழுச் சார்ஜ் ஆன பிறகே நிரப்ப வேண்டும். முதல் ஆண்டில் எங்கள் ஊழியர் ஒருவர் முன்கூட்டியே விளிம்பு வரை நிரப்பிவிட, சார்ஜ் ஏறும்போது அமிலம் பொங்கி வழிந்து, பேட்டரிகள் வைத்திருக்கும் தட்டு முழுவதும் துருவேறியது. அதற்குப் பிறகு, கோடையில் வாரந்தோறும் நீர்மட்டம் பார்ப்பதைப் பதிவேட்டிலேயே சேர்த்துவிட்டேன்.

இதைவிடப் பெரிய எதிரி, சும்மா நிற்பது. சார்ஜ் குறைந்த நிலையில் வாரக்கணக்கில் விடப்படும் பேட்டரியின் தகடுகளில் சல்பேட் படிந்து இறுகிவிடும். பிறகு எவ்வளவு சார்ஜ் ஏற்றினாலும் பழைய திறன் திரும்பாது. சிசர் லிஃப்ட் எங்களிடம் அன்றாடம் ஓடுகிறது, இரவில் சார்ஜாகிறது. ஆண்டுக்குச் சில நாட்களே தேவைப்படும் பூம் லிஃப்டோ மற்ற நாட்களில் மூலையில் நின்றபடியே எட்டு பேட்டரிகளையும் தின்றிருக்கும். லித்தியம் பேட்டரிக்கு நீர் ஊற்றும் வேலை கிடையாது என்றாலும், அதை நான் பயன்படுத்திப் பார்த்ததில்லை.

கன்வேயருக்கு மேலே உள்ள ஸ்பிரிங்க்ளர் குழாய்களுக்காக மட்டும் பூம் லிஃப்டை வாடகைக்கு எடுக்கிறோம். அது லாரியிலிருந்து இறங்கியதும், பேட்டரி மூடிகளைத் திறந்து நீர்மட்டத்தைப் பார்த்த பிறகே சலானில் கையெழுத்திடுகிறேன்.