அம்மாவின் சக்கர நாற்காலியும் இரண்டு ஜோடி ஜெல் பேட்டரிகளும்

வெள்ளிக்கிழமை தண்டீஸ்வரர் கோயிலுக்குப் போய்வருவது அம்மாவின் பல வருட வழக்கம். 2021ல் நடக்க முடியாமல் போன பிறகு அந்த வழக்கம் விடுபடாமல் காத்தது மோட்டார் வைத்த சக்கர நாற்காலிதான். அதன் இருக்கைக்கு அடியில் 12 வோல்ட், 35 ஆம்பியர்-மணி கொள்ளளவுள்ள ஜெல் பேட்டரிகள் இரண்டு, தொடர் இணைப்பில் 24 வோல்ட் தருகின்றன. முதல் ஜோடி 2023 டிசம்பரில் ஒரே இரவில் போய்விட்டது. 2024 ஜனவரியில் மாற்றிய ஜோடி இன்றும் ஓடுகிறது. இரண்டுக்கும் இடையில் கற்றதை எழுதுகிறேன். வீட்டில் இதே மாதிரி நாற்காலி வைத்திருப்பவர்களுக்கு உதவும்.

மிக்ஜாம் புயலில் வேளச்சேரி முழுக்கத் தண்ணீர். எங்கள் தெருவில் பல நாள் கரண்ட் இல்லை. நாற்காலியின் சுவிட்சை அணைக்காமல் விட்டிருந்தோம், பேட்டரி அடிமட்டத்துக்கு இறங்கிவிட்டது. கரண்ட் வந்ததும் சார்ஜரைச் சொருகினால் விளக்கு மின்னுகிறதே தவிர சார்ஜ் ஏறவில்லை. மல்டிமீட்டரில் இரண்டும் சேர்ந்து 17 வோல்ட்தான் காட்டின. இவ்வளவு இறங்கினால் நல்ல சார்ஜர் பல, பேட்டரி இணைத்திருப்பதையே ஏற்றுக்கொள்ளாது. அது பாதுகாப்புக்காக வைத்த ஏற்பாடு என்று அப்போது தெரியாமல், பக்கத்தில் ஒரு பேட்டரி கடையில் கொடுத்தேன். லாரி பேட்டரிக்குப் போடும் பழைய டிரான்ஸ்ஃபார்மர் சார்ஜரில் இரவு முழுக்கப் போட்டிருக்கிறார்கள். காலையில் போய்ப் பார்த்தால் பெட்டியின் பக்கச் சுவர்கள் உப்பிப் புடைத்திருந்தன. கை வைக்க முடியாத சூடு. அழுகிய முட்டை வாடை. இணைப்பை எடுப்பதற்கு முன் அளந்தேன்: ஒரு பேட்டரியின் முனைகளில் 15.8 வோல்ட்.

ஏன் இப்படி ஆகிறது என்பதைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் எளிது. ஜெல் பேட்டரியும் ஈயத்தகடும் அமிலமும் கொண்ட லெட் ஆசிட் வகைதான். இதில் கந்தக அமிலத்தோடு மிக நுண்ணிய சிலிக்கா தூளைக் கலந்து கூழாக இறுக வைத்திருக்கிறார்கள். சார்ஜ் ஆகும்போது நேர்த்தகட்டில் உண்டாகும் ஆக்சிஜன், கூழில் இருக்கும் நுண்ணிய வெடிப்புகள் வழியாக எதிர்த்தகட்டுக்குப் போய் மறுபடி தண்ணீராகிவிடும். அதனால்தான் மூடி வைக்க முடிகிறது. வோல்டேஜ் வரம்பைத் தாண்டினால் வாயு அதிகமாகி, அழுத்தம் ஏறி, வால்வு திறந்து வெளியேறும். போனது தண்ணீர். வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரியில் டிஸ்டில்டு வாட்டர் ஊற்றுவது போல இதில் ஊற்ற வழியில்லை. கூழ் வறண்டு தகட்டை விட்டு விலகினால் அந்த இடம் அதோடு செத்தது.

ஆகவே பார்க்க வேண்டியது வோல்டேஜ். 25 டிகிரி வெப்பத்தில் ஒரு 12 வோல்ட் ஜெல் பேட்டரிக்கு சார்ஜின் உச்சம் பொதுவாக 14.1 முதல் 14.4 வரை. நிரம்பிய பின் தாங்கிப் பிடிக்கும் ஃபுளோட் நிலை 13.5 முதல் 13.8 வரை. உங்கள் பேட்டரியின் மேல் அச்சிட்டிருக்கும் எண் வேறாக இருந்தால் அதுவே முடிவானது. 24 வோல்ட் ஜோடிக்கு இதை இரட்டிப்பாக்கிக்கொள்ளுங்கள். கரண்ட், கொள்ளளவில் பத்தில் ஒன்று முதல் ஐந்தில் ஒன்றுக்குள் இருந்தால் போதும். எங்கள் 35க்கு 5 ஆம்பியர் சார்ஜர் சரியாக இருக்கிறது.

இங்கேதான் நம் ஊர் வெயில் குறுக்கே வருகிறது. வெப்பம் ஒரு டிகிரி ஏறினால் ஒரு செல்லுக்கு (பேட்டரிக்குள் இருக்கும் 2 வோல்ட் அறை) 3 முதல் 5 மில்லிவோல்ட் வரை குறைக்க வேண்டும். 24 வோல்ட்டில் 12 செல்கள். அறை 35 டிகிரியில் இருந்தால் கிட்டத்தட்ட அரை வோல்ட் குறைய வேண்டும். எங்கள் சார்ஜரில் வெப்பத்தை உணர்ந்து குறைக்கும் வசதி கிடையாது. அதனால் பகலில் சார்ஜ் போடுவதையே நிறுத்திவிட்டேன். இரவு 11 மணிக்கு மேல், ஹாலில் ஜன்னல் பக்கம், வெறும் டைல்ஸ் தரையில். "கண்ணு, சொருகிட்டியா?" என்று அம்மா உள்ளேயிருந்து கேட்பார், அதுதான் எனக்கு அலாரம். காலையில் பச்சை விளக்கைப் பார்த்ததும் கழற்றிவிடுவேன். நாள்கணக்கில் சொருகியே வைப்பதில்லை.

முன்பு நாற்காலி நின்ற இடம் பூஜை அறை ஓரம். இப்போது அங்கே நிறுத்துவதில்லை. மூடிய பேட்டரியும் தவறாக சார்ஜ் ஆனால் ஹைட்ரஜனை வெளியே விடும். காற்றில் 4 சதவீதம் சேர்ந்தாலே பற்றக்கூடிய வாயு அது. விளக்கும் கற்பூரமும் எரியும் இடத்தில் அதற்கு வேலையில்லை. சார்ஜர் மேல் போர்வையோ துணியோ விழாமலும் பார்த்துக்கொள்வேன்.

கடைகளில் ஒரு விஷயத்தில் மிகவும் கவனமாக இருங்கள். மூடிய பேட்டரி எதுவானாலும் 'ஜெல்' என்றே விற்கிறார்கள். சிறிய யூபிஎஸ்ஸில் வருபவற்றில் பெரும்பாலானவை ஏஜிஎம் வகை, கண்ணாடி இழைப் பஞ்சில் அமிலம் ஊறியிருக்கும். அதற்கான சார்ஜ் வோல்டேஜ் பெரும்பாலும் ஜெல்லைவிடக் கொஞ்சம் கூடுதல். போன வருடம் சார்ஜர் பழுதாகி, 'லெட் ஆசிட் 24 வோல்ட்' என்று போட்ட ஒன்றை வாங்கி வந்தேன். முதல் நாளே பக்கத்தில் உட்கார்ந்து அளந்ததில் 29.6 வரை ஏறியது. அப்போதே கழற்றி, மறுநாள் திருப்பிக் கொடுத்துவிட்டேன். சில சார்ஜர்களில் 'ரீகண்டிஷன்', 'ஈக்வலைஸ்' என்று பட்டன் இருக்கும். 15 வோல்ட்டுக்கு மேல் தள்ளும் வேலை அது. ஜெல்லுக்கு அதைத் தொடவே கூடாது.

தொடர் இணைப்பில் இன்னொரு வம்பு உண்டு. மொத்தம் 28.4 என்று மீட்டர் காட்டும், உள்ளே ஒன்று 13.8, மற்றது 14.6 ஆக இருக்கும். ஒன்று பட்டினி, மற்றொன்று வறண்டுகொண்டிருக்கும். அதனால் மாதம் ஒருமுறை இருக்கையைத் தூக்கி, சார்ஜின் கடைசிக் கட்டத்தில் இரண்டையும் தனித்தனியாக அளக்கிறேன். மோதிரத்தையும் வாட்சையும் கழற்றிவிட்டுத்தான் கை வைப்பேன். முனைகளுக்கு நடுவே உலோகம் விழுந்தால் பாயும் கரண்ட் விரலைப் பொசுக்கிவிடும். உள்ளங்கையைப் பெட்டி மேல் வைத்துப் பார்ப்பதும் பழக்கமாகிவிட்டது. இளஞ்சூடு பரவாயில்லை. ஒன்று மட்டும் சுட்டால் சார்ஜை நிறுத்திவிட வேண்டும்.

"முழுசா தீர்ந்த பிறகு சார்ஜ் போடுங்க" என்று பலர் சொல்வார்கள். இந்த வகை பேட்டரிக்கு அது நேர்மாறான அறிவுரை. ஈயத்தகடு பசியோடு கிடக்கக் கிடக்க அதில் படியும் சல்பேட் உப்பு இறுகிப்போகும். பாதிக்குக் கீழே இறக்காமல், ஓட்டிய அன்றே ஏற்றுவதுதான் நல்லது. அம்மா ஊருக்குப் போகும் மாதங்களில்கூட நிரப்பி, இணைப்பைக் கழற்றி வைத்து, நான்கு வாரத்துக்கு ஒருமுறை ஏற்றிவிடுகிறேன்.

சார்ஜிலிருந்து எடுத்து அரை நாள் சும்மா விட்டு அளந்தால், புதிதில் ஒவ்வொன்றும் 12.9 காட்டின. போன வாரம் 12.8, 12.7. கோயிலுக்குப் போய்வந்த பிறகும் நாற்காலியின் சார்ஜ் மீட்டரில் பாதிக்கு மேல் மிச்சம் இருக்கிறது. மாற்றும் நாள் வந்தால் இரண்டையும் ஒரே தயாரிப்புத் தேதியில் வாங்குவேன், பழையதைக் காயலான் கடையில் போடாமல் விற்றவரிடமே திருப்பிக் கொடுப்பேன். மல்டிமீட்டரும் கூடவே வரும். அலமாரியில் கிடந்த பேட்டரி 12.6க்குக் கீழே காட்டினால் வேறு எடுத்துத் தரச் சொல்வேன்.