றெஜிபோம் சீலிங் தட்டு: வடிவுதான், ஆனால் வீட்டுக்குள் வேண்டாம்

யாழ்ப்பாண ரவுணில் இப்போது கன கடைகளில் பூவேலைப்பாடு போட்ட வெள்ளை றெஜிபோம் (பொலிஸ்டைரீன் நுரை) தட்டுகளைச் சீலிங்குக்கென்று விற்கிறார்கள். அரை மீற்றர் சதுரம், கையில் எடுத்தால் பாரமே தெரியாது, பசை பூசி ஒட்டினால் ஒரே நாளில் அறை முடிந்துவிடும், விலையும் ஜிப்சத்தை விடக் குறைவு. பார்க்க வடிவுதான். ஆனால் ஆட்கள் படுத்தெழும்பும் வீட்டுக்குள் இதை ஒட்டவே கூடாது.

மாதிரித் துண்டொன்றைக் கிணற்றடியில் கம்பியில் குத்தி, மெழுகுதிரியைக் கிட்டப் பிடித்துப் பார்த்தேன். முதலில் சுருங்கிப் பின்வாங்கியது. "நெருப்புப் பிடிக்காது தம்பி" என்று கடையில் அடித்துச் சொன்னதற்கு இதுதான் காரணமாக இருக்கும். ஆனால் திரியை எடுக்காமல் வைத்திருக்க, பற்றியது, உருகிச் சொட்டியது, நிலத்தில் விழுந்த சொட்டும் நிற்காமல் எரிந்தது. அந்தச் சொட்டு நுளம்பு வலைக்கு மேல் விழுந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். கறுத்த புகையில் காபனோரொட்சைட்டு இருக்கிறது, ஆகவே வீட்டுக்குள் யாரும் இதைச் செய்து பார்க்க வேண்டாம்.

தீ தடுக்கும் மருந்து கலந்த வகையும் உண்டு. அது சின்னச் சுடருக்குத் தாக்குப் பிடிக்கும், அறையே எரியும்போது அதுவும் எரியும். பொலிஸ்டைரீன் ஏறத்தாழ 100 பாகை செல்சியஸிலேயே இளகத் தொடங்கும், தீப்பிடித்த அறையில் சூடு முதலில் போய்ச் சேருவதோ சீலிங்கில்தான். மூலைக்கு ஒன்று, நடுவில் ஒன்று என்று பசையைப் பொட்டு வைத்து ஒட்டினால் பின்னால் காற்று இடைவெளி விழுந்து நிலைமை இன்னும் மோசமாகும். இதில் கடையில் பளபளப்பு எனாமல் பூசச் சொல்கிறார்கள், அதுதான் எனக்குக் கோபம் வந்த இடம். எனாமல் பூசிய தட்டில் தீ மிக வேகமாக ஓடும் என்று பிரித்தானியாவில் எத்தனையோ வருடமாக எச்சரித்து வருகிறார்கள்.

அங்கே 1960களிலும் 70களிலும் வீடு வீடாக ஒட்டிய சாமான் இது. சொந்த வீட்டில் பழையது இருந்தால் அதற்காகக் குற்றம் இல்லை, கழற்றிவிடுங்கள் என்று அறிவுரை சொல்வார்கள். வாடகை வீடென்றால் கதை வேறு: இங்கிலாந்தில் 2004ஆம் ஆண்டு வீடமைப்புச் சட்டப்படி உள்ளூர் சபை வந்து பார்த்து, ஆபத்து என்று கண்டால் வீட்டுக்காரரை எடுக்கச் சொல்லலாம். லண்டனில் இருக்கும் என் மச்சான் பழைய வீடொன்று பார்த்தபோது, குசினிச் சீலிங்கில் இருந்த இந்தத் தட்டுகளை எடுக்க வேண்டும் என்று வீட்டைப் பரிசோதித்த சர்வேயர் அறிக்கையிலேயே எழுதியிருந்தார்.

இலங்கையில் றெஜிபோமே தடை என்று சிலர் நினைக்கிறார்கள். 2017 செப்டெம்பர் 1 முதல் தடை வந்தது சாப்பாட்டுப் பெட்டிகள் போன்றவற்றுக்கு, சூழலைக் காப்பாற்ற. சீலிங் தட்டை அது தொடவில்லை. அதனால் கடையில் விற்கிறார்கள் என்பதை வைத்துப் பயமில்லை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், தீச்சோதனை அறிக்கை இருக்கிறதா என்று கேளுங்கள். நான் கேட்டேன், முழிசினார்கள்.

வயறிங்கையும் மறக்க வேண்டாம். பிவிசி வயர் றெஜிபோமோடு முட்டிக்கொண்டே கிடந்தால் வயரின் உறையில் உள்ள மென்மையாக்கும் எண்ணெய் றெஜிபோமுக்குள் இறங்கி, உறை காய்ந்து வெடிப்பு விழும்.

காசு கொஞ்சம் கூடினாலும் ஜிப்சம் அல்லது கல்சியம் சிலிக்கேட் பலகை போடுங்கள். ஏற்கெனவே ஒட்டியவர்கள் குசினியிலும் சுவாமி அறையிலும் இருப்பதை முதலில் கழற்றுங்கள், கற்பூரமும் குத்துவிளக்கும் அங்கேதான் எரிகின்றன. மெயின் சுவிட்சை நிறுத்திவிட்டு அகலக் கரண்டியால் நெம்பினால் துண்டு துண்டாக வரும். காய்ந்த பசையை எடுக்க நெருப்போ ஹீற்றரோ காட்டாதீர்கள், சுரண்டித்தான் எடுக்க வேண்டும். கழற்றியதை வளவுக்குள் போட்டு எரிக்கவும் வேண்டாம்.