அவரை பூக்கும்வரை காத்திருந்த எல்.கே.ஜி. வகுப்பு

கோயம்புத்தூர் தொண்டாமுத்தூர் பக்கம் ஒரு சின்ன மழலையர் பள்ளியில் என் மகளை எல்.கே.ஜி. சேர்த்துப் பத்து மாதம் ஆகிறது. அங்கே சேர்க்கலாமா என்று நிறையப் பேர் கேட்பதால் எழுதுகிறேன். வாரத்தில் இரண்டு நாள் காய்கறி வகுப்பு நடக்கிறது. படத்தைக் காட்டி "இது கத்தரிக்காய்" என்று சொல்லிக்கொடுப்பதில்லை, அந்த விதைப்புப் பட்டத்தில் நம் காடு தோட்டத்தில் என்ன விளைகிறதோ அதைக் கையில் கொடுத்துவிடுகிறார்கள்.

ஆடியில் ஆளுக்கு இரண்டு அவரை விதையை ஈரத்துணியில் சுற்றி வைத்து, முளை விட்டதும் நட்டார்கள். கொடி பந்தலில் ஏறியது, இலை மண்டியது, பூ மட்டும் வரவில்லை. புரட்டாசி முழுக்க மகள் வாடிய முகத்தோடுதான் வீட்டுக்கு வருவாள். நாட்டுப் பந்தல் அவரை அப்படித்தான், பகல் குறுகினால்தான் பூக்கும். அதை அந்த டீச்சர் நாலு வயதுப் பிள்ளைகளிடம், "சாயங்காலம் சீக்கிரம் இருட்டினா அதுக்கே தெரிஞ்சுக்கும் கண்ணு" என்று சொல்லியிருக்கிறார். கார்த்திகையில் பூ வந்த அன்றைக்குச் செருப்பைக்கூடக் கழற்றாமல் ஓடிவந்து சொன்னாள். செடியில் சாறு உறிஞ்சும் அசுவினிப் பூச்சி மொய்த்தபோதும் மருந்து அடிக்கவில்லை. லென்ஸைக் கொடுத்து, அசுவினி விடும் இனிப்புக்காக எறும்பு சுற்றுவதையும், பொறிவண்டு வந்து அசுவினியையே தின்பதையும் பார்க்க வைத்தார்கள். அப்புறம் பூசணி. அடியில் பிஞ்சோடு இருப்பது பெண் பூ, வெறும் காம்பில் நிற்பது ஆண் பூ என்று இவள் தன் அமுச்சிக்கே, அதாவது என் அம்மாவுக்கே பாடம் எடுத்தாள். ஐம்பது வருசம் காடு பார்த்த அம்மா ஒன்றுமே தெரியாதவர்போல் கடைசிவரை கேட்டுக்கொண்டார்.

குறையும் இருக்கிறது. தையில் பந்தல் முழுக்க அவரை தொங்கும்போது, காயை நறுக்கி அச்சுப் பதிக்கும் வகுப்புக்கு ப்ரோக்கோலியும் கலர் குடைமிளகாயும் வாங்கி வரச் சொன்னார்கள். வெண்டைக்காயைக் குறுக்கே நறுக்கினாலே ஐந்து மூலை நட்சத்திரம் கிடைக்குமே என்று கேட்டேன், அடுத்த வாரம் மாற்றிவிட்டார்கள், சரி. ஆனால் 28 பிள்ளைகளுக்கு ஒரு டீச்சர், ஒரு ஆயா என்பது போதவே போதாது. மண் வேலை நாளில் பாதிப் பேர் மண்ணைத் தொடாமலே திரும்புகிறார்கள். இந்த வகுப்புக்கென்று பருவத்துக்கு 600 ரூபாய் தனியாக வாங்குகிறவர்கள் இன்னொரு ஆளைப் போடத்தான் வேண்டும்.

இருந்தாலும் சேர்க்கச் சொல்வேன். கோடை லீவில் பூசணிக்கும் புடலைக்கும் யார் தண்ணீர் விடுவது என்று பள்ளியில் யோசிக்கவே இல்லை, நாங்கள் மூன்று பெற்றோர் வாரம் மாற்றி ஊற்றுவதாகச் சொல்லியிருக்கிறோம். புதிதாகச் சேர்க்கிறவர்கள் யாராவது நாலாவது வாரத்தை எடுத்துக்கொண்டால் நல்லதுங்க.