பிளேடைம்: கண்ணாடிக் கதவில் தெரிந்த பாரிஸ்

பிரெஞ்சு இயக்குநர் ழாக் தாத்தியின் நகைச்சுவைப் படமான 'பிளேடைம்' 1967 டிசம்பரில் பாரிஸில் வெளியானது. இதை ஊமைப்படம் என்பது முழுக்கச் சரியாகாது; ஆட்கள் பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் ஓயாமல் ஏதாவது பேசிக்கொண்டுதான் இருக்கிறார்கள். ஆனால் அந்தப் பேச்சில் ஒரு வரியும் காதில் விழாமல் போனாலும் பார்ப்பவருக்கு நட்டமில்லை, ஏனெனில் சிரிப்பு முழுவதையும் நடையும், தடுமாற்றமும், உட்கார்ந்தவுடன் பெருமூச்சுவிடும் நாற்காலிகளுமே ஏற்படுத்துகின்றன.

அமெரிக்கப் பெண்களின் சுற்றுலாக் குழு ஒன்று பாரிஸைக் காண விமானத்தில் வந்திறங்கி, மறுநாள் திரும்பிச் செல்கிறது, கதை அவ்வளவுதான். இடையில் அவர்கள் காண்பதெல்லாம் எஃகும் கண்ணாடியுமான கட்டடங்களே. குழுவில் ஒருத்தியான பார்பரா கதவொன்றைத் திறக்கையில், ஈஃபெல் கோபுரத்தின் பிம்பம் அதன் கண்ணாடியில் கணநேரம் விழுந்து மறைகிறது. பயண அலுவலகச் சுவரொட்டிகளிலோ, எந்த ஊரின் பெயரைப் போட்டிருந்தாலும் ஒரே கட்டடம்தான் நிற்கிறது. தெருமுனையில் பூ விற்கும் மூதாட்டியை 'அசல் பாரிஸ்' என்று படமெடுக்க பார்பரா படும் பாடும், ஒவ்வொரு முறையும் யாராவது குறுக்கே வந்து நிற்பதும், வெளியூரில் கேமராவோடு திரிந்த எவருக்கும் உறைக்கும்.

பாரிஸின் புறநகரில் ஒரு செயற்கை நகரத்தையே எழுப்பி, 70 மி.மீ. படச்சுருளில் இதை எடுத்த தாத்தி, அந்தச் செலவால் கடனில் மூழ்கிப்போனார். செலவு திரையில் தெரிகிறது. அண்மைக் காட்சி என்பதே ஏறக்குறைய இல்லை. ஒரே சட்டகத்தில் நாலைந்து வேடிக்கைகள் ஒருசேர நடக்க, எதைப் பார்ப்பது என்பதை நம்மிடமே விட்டுவிடுகிறார். கைப்பேசியில் பார்த்தால் பாதி நகைச்சுவை கண்ணுக்கே அகப்படாது.

அலுவலக அறைகளுக்கிடையே, தாத்தியே நடிக்கும் பாத்திரமான திருவாளர் உலோ வழி தெரியாமல் அலையும் முற்பகுதி சற்று இழுவைதான். அதைப் பொறுத்துக்கொண்டவருக்கு, கட்டுமான வேலை முடியுமுன்பே திறக்கப்படும் 'ராயல் கார்டன்' உணவகக் காட்சி பெருவிருந்து. ஒரே மீனுக்குப் பணியாளர்கள் மாறி மாறி மசாலா தூவுகிறார்கள். யாரும் அதைப் பரிமாறுவதில்லை. நாற்காலி முதுகிலுள்ள கிரீட வடிவம் விருந்தினரின் கோட்டிலெல்லாம் அச்சாகப் பதிகிறது. கண்ணாடிக் கதவு நொறுங்கிய பிறகும், வாயிற்காவலர் கைப்பிடியை மட்டும் அந்தரத்தில் பிடித்தபடி, இல்லாத கதவைப் பணிவோடு திறந்து விடுகிறார். வருகிறவர்களும் அதை நம்பியே நுழைகிறார்கள். இந்த ஒரு காட்சிக்காகவே படத்தை மறுமுறை பார்த்தேன்.

காலையில் வாகனங்கள் ரங்கராட்டினம்போல் சுற்றிச் சுற்றி வர, பேருந்தில் இருக்கும் பார்பரா உலோ அனுப்பிய சிறு பரிசைப் பிரிக்கிறாள். உள்ளே இருக்கும் பூங்கொத்தின் வளைந்த காம்புகள், சன்னலுக்கு வெளியே வரிசையாய் நிற்கும் தெருவிளக்குகளின் வடிவத்திலேயே இருக்கின்றன.