ஏற்காட்டு வீட்டு இன்வர்ட்டருக்கு எந்த பேட்டரி?

மழைக்காலத்தில் மரம் கம்பி மேல் சாய்ந்தால் எங்கள் மலையில் கரன்ட் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. கீழே சேலம் அஸ்தம்பட்டியில் இருக்கும் மச்சான் கேட்டார்: "இன்வர்ட்டருக்கு லெட் ஆசிட் (ஈய) பேட்டரியா, லித்தியமா?" விலைச்சீட்டை மட்டும் பார்க்காதீங்க மாப்ளே, மூடியைத் திறந்து பாருங்க என்றேன்.

விலை: லெட் ஆசிட் மலிவு. லித்தியம் அதைவிட நன்றாகவே கூடுதல்.

எடை: வீட்டுக்கு வாங்கும் லெட் ஆசிட் வகையான ட்யூபுலர், 150 ஏஎச் (ஆம்பியர்-மணி, கொள்ளளவு) என்றால் 50 கிலோவுக்கு மேல், 20 கொண்டை ஊசி வளைவு ஏற்றி, படியேற்றவும் இரண்டு ஆள் வேண்டும். ஏறக்குறைய அதே வேலை பார்க்கும் 100 ஏஎச் லித்தியத்தை ஒரு கையில் தூக்கலாம்.

உள்ளே: லெட் ஆசிட்டில் 2 வோல்ட் செல் ஆறு, ஈயத் தகடு, கந்தக அமிலம். தண்ணீர் குறைவது மிதவையில் தெரியும். லித்தியத்தில் 3.2 வோல்ட் செல் நான்கு, அவற்றைக் காவல் காக்கும் பிஎம்எஸ் என்ற சிறு பலகை. செல் நன்றாக இருந்தாலும் பலகை போனால் மொத்தமும் ஊமை. எங்கள் ஊர் மெக்கானிக் அதைத் தொடவே மாட்டார். பழைய இன்வர்ட்டரில் லித்தியத்துக்கு ஏற்றபடி சார்ஜ் செய்யும் மோட் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

ஆயுள் முடிந்ததும்: பழைய ஈய பேட்டரிக்கு எடைக்கு ஏற்ப எக்ஸ்சேஞ்ச் காசு உண்டு. ஆனால் அனுமதியில்லாத பட்டறையில் உருக்கினால் அந்தப் புகை யாரோ ஒரு குழந்தையின் ரத்தத்தில் ஈயமாகச் சேரும். ரசீது தரும் கடையில் கொடுங்கள். லித்தியம் ஆஸ்திரேலியா, சிலி மண்ணிலிருந்து வருகிறது; பழசை வாங்க இங்கே ஆளைத் தேட வேண்டும்.

தினமும் கரன்ட் போகும் ஏற்காட்டு வீட்டுக்கு, அடிக்கடி சார்ஜ் ஏறி இறங்குவதைத் தாங்கும் லித்தியம். மாதம் ஒருமுறை போகும் அஸ்தம்பட்டிக்கு ட்யூபுலரே போதும், மச்சான் டிஸ்டில்ட் வாட்டர் ஊற்ற மறக்காமலிருந்தால்.