லுக்லாவுக்குப் பறக்க எது தோது: காத்மாண்டுவா, ராமேச்சாப்பா?

நேபாளத்தில் எவரெஸ்ட் அடிவார முகாமுக்கான நடை தொடங்கும் மலையூர் லுக்லா. அங்கே கிளம்புகிற எல்லோரும் ஒருமுறை முட்டிக்கொள்ளும் கேள்வி இது.

வரைபடத்தில் ஸ்கேலை வைத்தால் காத்மாண்டு–லுக்லா நேர்கோட்டில் சுமார் 135 கி.மீ. பறக்க 30, 35 நிமிடம். ராமேச்சாப் மாவட்டத்து மந்தலியிலிருந்து அதே லுக்லா 75 கி.மீ.தான், 20 நிமிடத்துக்குள் இறங்கிவிடலாம். அடடா, இதுதான் லாபம் என்று தோன்றும். ஆனால் காத்மாண்டுவிலிருந்து மந்தலி போய்ச் சேர 130 கி.மீ. சொச்சம் மலைச்சாலை, நாலைந்து மணி நேரம். காலை முதல் விமானத்தைப் பிடிக்க நள்ளிரவு ஒரு மணி, இரண்டு மணிக்கே வேன் ஏற வேண்டும். தூக்கமும் போச்சு, வளைவுக்கு வளைவு வயிறும் புரளும். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்.

அப்படியிருந்தும் சீசனில் விமானங்களை அங்கே மாற்றுவதற்குக் காரணம் உண்டு. காத்மாண்டுவில் இருப்பது ஒரே ஓடுபாதை. பெரிய விமானங்களுக்கு நடுவே பதினைந்து, இருபது பேர் ஏறும் குட்டி விமானம் வரிசையில் நின்று காய வேண்டும். லுக்லாவிலோ நேரம்தான் முதல். சுமார் 2,845 மீட்டர் உயரத்தில் 527 மீட்டர் நீள ஓடுபாதை, அதுவும் ஏறத்தாழ 12 சதவீதச் சரிவு. மலையைப் பார்த்து மேட்டில் இறங்கி, பள்ளத்தைப் பார்த்துச் சரிவில் ஓடிப் பறக்க வேண்டும். விமானி கண்ணால் பார்த்துத்தான் இறக்க முடியும் என்பதால், மதியவாக்கில் மேகமும் காற்றும் சேர்ந்தால் கடையை மூடியதுபோல்தான். அந்தக் காலைப்பொழுதுக்குள் மந்தலியிலிருந்து ஒரே விமானம் கூடுதல் தடவை போய்வரலாம். உங்கள் முறை வருவதற்குள் வானம் மூடிக்கொள்ளும் அபாயமும் அந்த அளவுக்குக் குறையும். தூரப் பட்டியலில் இது தெரியாது.

ஹெலிகாப்டர் இன்னொரு வழி. வசதிதான், காசு பல மடங்கு. சல்லேரி என்ற ஊர் வரை ஜீப்பில் ஒரு நாள், பிறகு லுக்லா பக்கம் இரண்டு மூன்று நாள் நடை என்பது மலிவு. 1964-இல் லுக்லா விமான நிலையம் வரும்வரை எல்லோரும் நடந்துதான் போனார்கள். நாள் கையிலிருந்தால் இந்த ஜீப்–நடை வழியைத்தான் சொல்வேன். உடம்பும் மெல்ல மெல்ல உயரத்துக்குப் பழகும்.

மார்ச்–மே, அக்டோபர்–நவம்பர் என்றால் ராமேச்சாப்பைத் தவிர்க்க மல்லுக்கட்டாதீர்கள். முந்தைய நாள் பகலிலேயே போய் மந்தலியில் தங்கிவிடுங்கள், பாதித் தொல்லை தீர்ந்தது. மற்ற மாதங்களில் காத்மாண்டுவே போதும். எந்த வழியானாலும் ஊர் திரும்பும் விமானத்துக்கு முன் இரண்டு நாளாவது சும்மா விட்டுவையுங்கள். மூட்டை முடிச்சு, கைப்பை எல்லாம் சேர்த்துப் பொதுவாக 15 கிலோதான். சீட் நம்பர் பெரும்பாலும் கிடையாது, ஏறியதும் இடப்பக்கம் பிடித்துவிடுங்கள்; போகும்போது பனிமலைகள் அந்தப் பக்கம்தான்.